மூன்று டிகிரிக்குள்

செவ்வாய்க்கிழமை காலை அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, விமானியின் இருக்கைக்கு பெல்ட் மாட்டியது. நிஜத்தில் இருபத்து நான்கு அடி இருந்தால் பொம்மையில் ஓரடி என்ற அளவில் செய்த போர் விமானம் அது. இருக்கை அவளுடைய கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. ஒட்டுத்தாளை மெல்லிய கீற்றாக வெட்டி, சாயம் பூசி, பெல்ட் ஆக்கியிருந்தார். தலைமுடி கனமுள்ள செம்புக் கம்பியை வளைத்து பக்கிள். அவள் இடுக்கியால் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஊசி முனையில் பசை எடுத்து வைத்தார். வைக்கும்போது இருக்கையைப் பார்க்காமல், அதற்கு இடப்பக்கமாக, சுவரைப் பார்த்துக்கொண்டு வைத்தார்.

"பக்கிள் எந்தப் பக்கம் பாத்திருக்கு?"

"உங்க பக்கம்தான்."

"நேரா இருக்கா?"

"நேராத்தான்ப்பா இருக்கு. எனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சு."

நேராக இல்லை. அவர் ஊசியைத் துடைக்கத் திரும்பிய நேரத்தில் அவள் இடுக்கி முனையால் அதைத் தட்டி நேராக்கினாள். கடந்த மூன்று மாதமாக இப்படித்தான். அவர் கேட்பார், அவள் ஆமாம் என்பாள், அவர் திரும்பியதும் சரிசெய்வாள்.

அவள் செருப்பு மாட்டும்போது அவர் உள்ளே இருந்து சொன்னார். வியாழக்கிழமை டீச்சரைப் போய்ப் பார்த்து மணி கேட்டு வந்துவிடுகிறாராம். இதையும் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சரிப்பா என்று கதவைச் சாத்தினாள்.

மறுநாள், புதன்கிழமை, கண் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் நாற்காலியில் அவர் இறந்துபோனார். கையில் நாற்பத்தோராம் டோக்கன். அம்மா மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தாள். அவள் போகும்போது முப்பத்தெட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். திரும்பி வரும்போது நாற்பத்து மூன்று. பக்கத்து நாற்காலிக்காரர் தூங்குகிறார் என்று நினைத்து எழுப்பவில்லை. நல்ல மனுஷர், மரியாதைக்காக எழுப்பவில்லை.

அப்பாவை வேலை செய்த இடத்தில் எல்லோரும் 'ஜீரோ' என்றுதான் கூப்பிட்டார்கள். கொதிகலன் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் அழுத்தமானி சரிபார்க்கிற வேலை. ஒரு மானி பழுதென்று மேசைக்கு வந்தால், மற்றவர்கள் அதைக் குழாயில் மாட்டி அழுத்தம் ஏற்றிப் பார்ப்பார்கள். இவர் மாட்ட மாட்டார். மேசைமேல் சும்மா வைத்துப் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருப்பார். முள் சுழியில், அதாவது ஜீரோவில், நிற்கிறதா, மயிரிழை விலகி நிற்கிறதா, அதுதான் முதல் கேள்வி. சும்மா இருக்கும்போதே பொய் சொல்கிற மானியிடம் மேற்கொண்டு எதைக் கேட்பது என்பார். பெரிய இன்ஜினீயர் ஒருவர் அவசரம் என்று குதித்தபோது, "நீங்களும் பத்து நிமிஷம் உக்காருங்க சார், உங்களுக்கும் ஜீரோ பாத்துடலாம்" என்றாராம். அன்றிலிருந்து பட்டம் ஒட்டிக்கொண்டது. வீட்டிலும் அம்மா விடவில்லை. ஜீரோவுக்குக் கழுத்தை நீட்டினால் வீட்டில் என்ன சேரும் என்று கேட்பாள். கேட்டுவிட்டு, அவர் சட்டைப் பையில் கைக்குட்டை இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவாள்.

ஓய்வு பெற்ற பிறகு பொம்மை விமானங்கள். ஐந்தாறு செய்திருந்தார். எல்லாவற்றிலும் உடலையும் இறக்கையையும் வேகமாக முடித்துவிட்டு, விமானி உட்காரும் அறையில் மாதக்கணக்கில் குடியிருப்பார். மானிகள் இருப்பது அங்கேதானே. அம்மா அந்த மேசைக்கு 'சின்ன வீடு' என்று பெயர் வைத்திருந்தாள். சாப்பாட்டுக்கு வரவில்லை என்றால், "சின்ன வீட்டுல விருந்தா?" என்று அடுப்படியிலிருந்தே குரல் வரும்.

இந்த விமானம் டீச்சருக்காக. தெருக்கோடியில் தனியாக இருப்பவர். மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய அண்ணன் யுத்தத்தில் இந்த ரக விமானத்தில் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை, விமானமும் கிடைக்கவில்லை. அப்போது டீச்சருக்கு ஒன்பது வயது. கடைசியாக வந்த கடிதத்தில், தங்கையின் படத்தை மானிப் பலகையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருப்பதாகவும், கிளம்பும்போது முதலில் மணியைப் பார்த்து, பிறகு அவளைப் பார்ப்பதாகவும் எழுதியிருந்தார். எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்றும் எழுதியிருந்தார். இத்தனை வருஷம் கழித்து, ஒரு நாள் அப்பாவின் மேசையைப் பார்த்துவிட்டு, டீச்சர் கேட்டார்.

"அவன் உக்காந்திருந்த இடத்தை ஒரு தடவை பாக்கணும். வெளியில எப்படி இருக்கும்னு படத்துல பாத்துட்டேன். உள்ள பாக்கணும்."

இந்த மாதக் கடைசியில் டீச்சர் வீட்டைக் காலி செய்கிறார். வெகுதூரத்தில் இருக்கும் அக்கா மகனோடு போய் இருக்கப்போகிறார். அதற்குள் முடிக்க வேண்டும் என்பது ஒரு வருஷமாக வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

அப்பா டீச்சரின் சின்ன வயதுப் படத்தை ஸ்டுடியோவில் கொடுத்து, இரண்டு மில்லிமீட்டருக்குச் சுருக்கி வாங்கி வந்தார். வெறும் கண்ணுக்கு ஒரு தூசி. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ரெட்டைச் சடை தெரியும். கருப்பு மானிப் பலகையில் பதினான்கு துளைகள் போட்டார். ஒவ்வொரு துளைக்கும் பின்னால் மூன்று மில்லிமீட்டர் வட்டத்தகடு. ஒவ்வொரு தகட்டிலும் அச்சிட்ட ஒரு மானியின் முகம், அதில் அவர் கையால் வரைந்த முள். விமானம் தரையில் நிற்கிறது, ஆகவே எல்லா முள்ளும் சுழியில் என்று முடிவு செய்தார். உயரமானி எப்படிச் சுழியில் நிற்கும், ஓடுதளம் என்ன கடல் மட்டத்திலா இருக்கிறது என்று மகள் கேட்டாள். அவளும் கருவியியல் படித்து, அதே வேலையில் இருப்பவள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். முப்பத்தொரு வருஷத்தில் ஜீரோ விஷயத்தில் தோற்றது வீட்டில்தான் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னார். கடிகாரத்தை மட்டும் முள் இல்லாமல் விட்டு வைத்தார். டீச்சரிடம் மணி கேட்டுவிட்டு வரைய வேண்டும்.

இதற்கு நடுவில்தான் கண் போக ஆரம்பித்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். பேப்பரை வாங்கி மடித்தபடியே வைத்தார். தலையைத் திருப்பிப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே நடந்தார். மகள் கழுத்து வலி என்று நினைத்துத் தைலம் வாங்கி வந்தாள். அவர் வாங்கி வைத்துக்கொண்டார். தீர்ந்ததா என்று பார்த்து இன்னொன்றும் வாங்கி வந்தாள். கடைசியில் அம்மாதான் அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள். விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது. ஊசி போட்டால் தேய்வது மெதுவாகும். போனது வராது.

எப்படி இருக்கிறது என்று மகள் கேட்டதற்கு அவர் ஒரே ஒருமுறைதான் பதில் சொன்னார்.

"சுத்தி எல்லாம் தெரியுது. நடுவுலதான் இல்ல. எதைப் பாக்கணும்னு நினைக்கிறேனோ அது மட்டும் இல்ல."

மகள் வேலையைப் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் உறவுக்காரர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தார்கள். அவள் மானிப் பலகையை எடுத்து விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தாள். எண்ணெய் அழுத்தத்தின் முள் வட்டத்தைத் தாண்டிக் பலகை வரை ஓடியிருந்தது. திசைகாட்டியில் முள் இரண்டாகப் பிரிந்து நின்றது. உயரமானியில் ஒரு சொட்டு வெள்ளை மட்டும் இருந்தது, முள்ளே இல்லை. சுழியில் ஒன்றுகூட நிற்கவில்லை. ஜீரோவின் மேசையில்.

அவள் பலகையைக் கழற்றினாள். பதின்மூன்று தகடுகளையும் துடைத்து, பதின்மூன்று முட்களையும் தானே வரைந்தாள். நல்ல கண், நல்ல தூரிகை. இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதை அன்பு என்றே நினைத்தாள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். மானி சரிபார்ப்பவர்கள் வேலை முடிந்ததும் மூடியும் உடலும் சேருமிடத்தில் ஒரு சொட்டு சிவப்புச் சாயம் வைப்பார்கள். யாராவது திறந்தால் சாயம் விரிந்து காட்டிக்கொடுக்கும். அதுதான் சீல். அப்பா இந்தப் பலகையின் பின்பக்கமும் கைப்பழக்கத்தில் ஒரு சொட்டு வைத்திருந்தார், அம்மாவின் பழைய நகப்பூச்சில். "எனக்கு இந்த வயசுல ஆகாது, விமானத்துக்கு ஆகுமாக்கும்" என்று அம்மா அந்தச் சீசாவைத் தந்திருந்தாள். மகள் கழற்றும்போது அது விரிந்தது. அதே சீசாவை எடுத்து, அதே இடத்தில், அதே அளவில் ஒரு சொட்டு வைத்தாள். காயும்வரை ஊதினாள்.

திங்கட்கிழமை அப்பா பலகையைக் கையில் எடுத்தார். பின்பக்கம் கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை வருடினார்.

"இதை யாராவது எடுத்தீங்களா?"

"இல்லையேப்பா."

"சரி" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் எதற்கும் சீல் வைக்கவில்லை. சின்ன வேலைக்கெல்லாம் அவளைக் கூப்பிட்டார். இதைப் பிடி, அதை நீயே வை, நேராக இருக்கிறதா சொல். அவள் அதை நிம்மதியாக எடுத்துக்கொண்டாள். அப்பா ஒரு வழியாக ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தாள். கடிகாரத்தை மட்டும் தரவில்லை. தானே மணி கேட்டு வந்து வரைந்துவிடட்டுமா என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். "அந்த ரெண்டு முள்ளு நான் போடறேன்" என்றார் இரண்டு தடவையும்.

வந்தவர்களெல்லாம் போய், இறப்புச் சான்றிதழ் வாங்கி, வங்கியிலும் ஓய்வூதிய அலுவலகத்திலும் வரிசையில் நின்று முடித்தபோது மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருந்தது. டீச்சர் துக்கத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். விமானத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்காமல் போனதுதான் மகளுக்குத் தாங்கவில்லை.

மதியம் மேசைக்கு வந்தாள். விமானத்தின் உடல் இரண்டு பாதியாகத் திறந்து கிடந்தது. நடுவில் வைக்க வேண்டிய அறை தயார். பெல்ட் போட்ட இருக்கை, பதின்மூன்று முள், ரெட்டைச் சடைப் பெண், அவளுக்குப் பக்கத்தில் ஒரு வெற்றுத் துளை. இரண்டு பாதியையும் ஒட்டிவிட்டால் பிறகு யாரும் உள்ளே கை வைக்க முடியாது. கடிகாரத்துக்கு ஒரு வெற்றுத் தகடு தேடி இழுப்பறையைத் திறந்தாள்.

உள்ளே ஒரு மாத்திரை டப்பா. அதில் வட்டத்தகடுகள். எண்ணினாள், நாற்பத்து மூன்று. எல்லாம் கடிகார முகங்கள், எல்லாவற்றிலும் இரண்டு முள். முதல் சிலவற்றில் முட்கள் வட்டத்துக்கு வெளியே கிடந்தன. அடுத்தவற்றில் வட்டத்துக்குள் வந்து, கோணலாக நின்றன. கடைசிச் சிலவற்றை அவள் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து வெகுநேரம் பார்த்தாள். அவள் வரைந்த முட்களைவிட மெல்லியவை அவை.

டப்பாவின் கீழ் ஒரு நோட்டு. வரிசை எண், தேதி, மணி, பிழை எத்தனை டிகிரி. முப்பத்தொரு வருஷம் அவர் எழுதிய அதே கட்டங்கள். ஆனால் எழுத்து அம்மாவுடையது.

நோட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அம்மா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். நோட்டைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்தாள்.

அம்மா சொன்னது இது. மகள் ஆபீஸ் போன பிறகு, மத்தியானம் மூன்று மணிக்கு மேல், அவர் கூப்பிடுவார். நீ ஒரு மணி சொல்லு என்பார். அம்மா வாய்க்கு வந்ததைச் சொல்வாள். பால் வருகிற நேரம் ஆறு பத்து, மகள் வீடு திரும்புகிற நேரம் ஆறு நாற்பது, தண்ணீர் நிற்கிற நேரம் எட்டு இருபத்தைந்து. அவர் கழுத்தைத் திருப்பி, ஓரக்கண்ணால் தகட்டைப் பிடித்து வரைவார். சுளுக்கு விழுந்த கோழி மாதிரி இருக்கிறது என்று அம்மா சொல்வாளாம். சிரித்தால் கை ஆடும், சும்மா இரு என்பாராம். பிறகு அம்மா செல்போனில் படம் எடுத்து, திரையில் பெரிதாக்கி, மகளுடைய பழைய பாகைமானியை அதன்மேல் வைத்து அளந்து சொல்வாள். ஒரே மணியை வரைந்தால் கைதான் பழகும், கண் பழகாது என்பதால் தினம் ஒரு மணி.

"எதுக்கும்மா இத்தனை?"

"தொடர்ந்து மூணு நாள் மூணு டிகிரிக்குள்ள வந்துட்டா டீச்சர்கிட்ட போய் மணி கேப்பேன்னார். அதுக்கு முன்னாடி கேட்டா, கேட்டுட்டு வரையாம இருக்க முடியாதாம்."

மகள் நோட்டைப் புரட்டினாள். முதல் பக்கத்தில் நாற்பது, முப்பத்தாறு, நாற்பத்தொன்று. நடுவில் பதினைந்து, பன்னிரண்டு. கடைசிப் பக்கத்தில் ஐந்து, மூன்று, மூன்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலம்: இரண்டு.

"மத்த முள்ளு?" என்றாள்.

"நீ மாத்தினதுதானே? அன்னிக்கே தெரியும் அவருக்கு."

"எப்படி? நான் சீல் வெச்சேனே."

"சீல் வெச்சுட்டு ஈரத்துல ஊசியால ஒரு கீறல் போடுவார். நகத்துக்குத் தட்டுப்படும். இத்தனை வருஷம் இந்த வீட்டுல இருக்க, உனக்குத் தெரியாதா?"

தெரியாது. அம்மா துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த தட்டை மறுபடி துடைத்தாள்.

"என்னம்மா சொன்னார்?"

"முள்ளு நல்லா போட்டிருக்கா, சீல் வைக்கத்தான் வரலன்னார்." அம்மா தட்டை அடுக்கில் வைத்தாள். "கடிகாரத்தை முடிச்சுட்டு, அந்தப் பதிமூணையும் அழிச்சுட்டுத் திரும்பப் போடறேன்னு இருந்தார். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னார். வருத்தப்படுவியாம்."

மகள் மேசைக்குத் திரும்பினாள். பதின்மூன்று முட்களையும் பார்த்தாள். எல்லாம் சரியாக, சுத்தமாக, நிற்க வேண்டிய இடத்தில் நின்றன. ஒன்றுகூட அவருடையது இல்லை. டீச்சர் கேட்ட அறையில், அவர் ஒரு வருஷம் குடியிருந்த அறையில், அவர் கை வரைந்த ஒரு கோடு இல்லை. துடைத்த துணியை அன்றே குப்பையில் போட்டிருந்தாள்.

மிச்சம் இருப்பது கடிகாரத் துளை. அவளே வரைந்தால் இரண்டு நிமிஷ வேலை. கடிதத்தில் எந்த மணி இருந்தாலும் வரைந்துவிடலாம். டப்பாவைத் திறந்து, பிழை மூன்று டிகிரிக்குள் இருக்கும் தகடுகளைத் தனியே எடுத்தாள். ஏழு. ஏழு தகடு, ஏழு மணி. கடிதத்தில் ஐந்து நிமிஷக் கணக்கில்தான் எழுதியிருப்பார்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் அப்படி நூற்று நாற்பத்து நான்கு மணிகள் உண்டு. அவற்றில் ஏழு. நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. விடியற்காலையில்தான் கிளம்புவார்கள் என்று வைத்துக்கொண்டால் கொஞ்சம் கூடும். ஏழில் மூன்றுதான் காலைக்குப் பொருந்தின. அதையும் கணக்குப் போட்டாள். பிறகு, வேறு வழி தெரியாததால், முதலிலிருந்து மறுபடி போட்டாள். விடை மாறவில்லை.

பிழை பத்து வரை போகலாம் என்றால் பதினெட்டு தகடு தேறும். பத்து டிகிரிப் பிழையுள்ள ஒன்றை அவர் இந்தப் பலகையில் வைத்திருப்பாரா? வைத்திருக்க மாட்டார். ஏழுதான்.

ஏழையும் பஞ்சில் பொதிந்து மாத்திரை டப்பாவில் போட்டாள். செருப்பு மாட்டினாள். அம்மா வாசல்வரை வந்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. தெருக்கோடியில், டீச்சர் வீட்டு முன்னால், யாரோ அட்டைப் பெட்டிகளைக் கட்டி அடுக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"டீச்சர் எந்த மணி சொன்னா நல்லதுடீ?" என்று அம்மா கேட்டாள்.

"ஆறு பத்து இருக்கு. நாலு நாப்பது இருக்கு. அஞ்சு அஞ்சு இருக்கு."

"ஆறு பத்து நான் சொன்னது" என்றாள் அம்மா. "பால் வர்ற நேரம்."

நோட்டும் கையோடு வந்துவிட்டதை அவள் அப்போதுதான் கவனித்தாள். அதன் கடைசித் தாளில் அம்மாவின் எழுத்து இல்லை. வரிக்கு இரண்டு மூன்று சொல் மட்டும் அடங்குகிற அளவுக்குப் பெரிய எழுத்தில், கோடு தாண்டி, அப்பாவே எழுதியிருந்தார். அந்த வாரத்து வேலைகள். பிளேடு வாங்க: டிக். தின்னர் வாங்க: டிக். கழுத்துத் தைலம் போதும் என்று அவளிடம் சொல்ல: எழுதி, அடித்திருந்தார். புதன், கண் டாக்டர்: கிளம்பும்போதே போட்டிருக்க வேண்டும், டிக்.

வியாழன், டீச்சரிடம் மணி கேட்க.

அதற்கு நேரே ஒன்றும் இல்லை.